லாக்ஸ்டன்: வேலியில்லாத வயலும் வருடத்துக்கு ஒருமுறை கூடும் ஊர்க் கோர்ட்டும்

ஷெர்வுட்வாசி:
இங்கிலாந்து கிராமம் என்றதும் கல் வீடு, ரோஜாத் தோட்டம், தேநீர்க் கடை என்று காலண்டர் படத்தைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். நாட்டிங்காம்ஷயரில் ஆலர்ட்டனுக்குக் கிழக்கே லாக்ஸ்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. அழகுப் போட்டியில் தேறாது. செங்கல் வீடுகள், சேற்று டிராக்டர்கள், ஒரு பப், ஒரு தேவாலயம், அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்து முழுக்க ஒரு காலத்தில் எப்படி விவசாயம் நடந்ததோ, அந்த முறையின் எலும்புக்கூடு இங்கே இன்னும் நடமாடுகிறது.

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட். ஒவ்வொன்றும் வேலியே இல்லாமல் விரிந்து கிடக்கும். உள்ளே நிலம் நீள நீளப் பட்டைகளாகப் பல விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருக்காது, மூன்று வயலிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் சுற்று மாறும். இடைக்காலத்து மூன்று வயல் முறை என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதுதான். இன்று தரிசு வருடத்தில் சும்மா விடுவதில்லை, தீவனத்துக்கான பயிர் போடுகிறார்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 480 ஏக்கர்.

இதை நிர்வகிக்க ஒரு கோர்ட்டும் உண்டு. பெயர் கோர்ட் லீட். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

மண்வெட்டி:
வரப்பே இல்லாத வயலில் பக்கத்து நிலக்காரன் வருடத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதால் யாருக்குத் தெரியும்? பத்து வருடத்தில் ஒரு கெஜம் போய்விடும். வரப்பு இருக்கிற இடத்திலேயே வெட்டுக்குத்து நடக்கிறது. நம்ப முடியவில்லை.

ஷெர்வுட்வாசி:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்தக் கோர்ட்டின் வேலையே அதுதான்.

நவம்பர் கடைசியில் ஜூரி நாள். ஊர் விவசாயிகளே ஜூரி. அந்த வருடம் எந்த வயலில் கோதுமை விதைத்திருக்கிறதோ அங்கே மட்டும் போவார்கள். அப்போதுதான் முளைத்து வந்திருக்கும், யார் எதுவரை உழுதார்கள் என்பது பச்சைக் கோடாகத் தெரியும். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி எல்லோரும் ஏறிக்கொண்டு போய், பட்டைக்குப் பட்டை இறங்கிப் பார்ப்பார்கள். எல்லையில் அடித்த மரமுளை போயிருந்தால் பழைய குழியைத் தேடிப் புதிய முளையை அடிப்பார்கள். பொதுப் பாதையில் கலப்பையை விட்டிருந்தாலோ, சைக் எனப்படும் பொதுப் புல்தரையைக் கடித்து உழுதிருந்தாலோ, வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டிருந்தாலோ குறித்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஒரு வாரம் கழித்துக் கோர்ட். இடம் ஊரில் இருக்கும் டவ்கோட் இன் என்ற பப். மேனரின், அதாவது ஊர் நிலத்துக்குச் சொந்தமான பிரபுவின் பண்ணை உரிமையின், சார்பில் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி தலைமை. ஜூரி தன் புகார் பட்டியலைக் கொடுக்கும், அபராதம் முடிவாகும், அடுத்த வருடம் பார்க்க வேண்டிய வயலுக்குப் புதிய ஜூரி சத்தியம் செய்து கொள்ளும். மூன்று வயலும் சுற்றி வருவதால் ஒவ்வொரு எல்லையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்வைக்கு வந்துவிடும். மண்வெட்டி சொன்ன பத்து வருடக் கணக்கு அங்கே செல்லாது.

கணக்கப்பிள்ளை:
அபராதம் எவ்வளவு? சில பவுண்டு என்று கேள்விப்பட்டேன். டீசல் விற்கிற விலையில் சில பவுண்டுக்கு யார் பயப்படுவார்? இன்னொன்று, 1977இல் வந்த நீதி நிர்வாகச் சட்டம் இந்த மாதிரிப் பழைய கோர்ட்டுகளின் சட்ட அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. வழக்கமாகச் செய்து வந்த உள்ளூர் வேலைகளை மட்டும் தொடரலாம் என்று விட்டுவைத்தார்கள். இங்கிலாந்தில் பல ஊர்களில் கோர்ட் லீட் என்ற பெயரில் அங்கி போட்டு, ஏல் என்ற பீரைச் சுவைத்துப் பார்த்து, ரொட்டியை எடை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதுவும் அந்த ரகம்தானே? சுற்றுலாவுக்கான நாடகம்.

ஷெர்வுட்வாசி:
அங்கி போடும் ஊர்களைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. லாக்ஸ்டனில் யாரும் அங்கி போடுவதில்லை, ரப்பர் பூட்ஸ்தான். வித்தியாசம் அதில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற ஊர்க் கோர்ட்டுகள் பலவற்றுக்கு நிர்வகிக்க ஒன்றும் மிச்சமில்லை. இவர்களுக்கு வயல் இருக்கிறது. முளை அடிக்காவிட்டால் அடுத்த உழவில் நிஜமாகவே சண்டை வரும்.

பண விஷயத்துக்கு வருகிறேன். தொகை சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பெயரைப் பப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார்கள். எழுதியவர்கள் உங்கள் பக்கத்துப் பட்டைக்காரர்கள். அடுத்த வருடம் ஜூரியில் நீங்களும் உட்கார்ந்து அவர்கள் உழவைப் பார்க்கப் போகிறீர்கள். இதில் தொகை எதற்கு?

மண்வெட்டி:
ஆமாம், பஞ்சாயத்தில் பெயர் வாசித்தால் தாங்க மாட்டான், தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவான். அது புரிகிறது.

பழைய ஏடு:
இந்த ஊர் எப்படித் தப்பியது என்பதைச் சொல்லாமல் கோர்ட்டை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1086ஆம் ஆண்டு நார்மன் மன்னர் எடுக்கச் சொன்ன நிலக் கணக்கான டோம்ஸ்டே பதிவேட்டிலேயே ஊர் இருக்கிறது. நார்மன் படையெடுப்புக்கு முன் டோக்கி என்பவனிடம் இருந்த நிலம், பிறகு ஜெஃப்ரி ஆல்சலின் கைக்குப் போனது. ஊருக்கு வடக்கே மண் குன்றும் மதில் மேடுமாக ஒரு கோட்டைத் தடம் இருக்கிறது. நாட்டிங்காம்ஷயரில் அந்த வகைக் கோட்டைகளில் நன்றாக எஞ்சியது இதுதான் என்பார்கள். ஷெர்வுட் காட்டைக் காக்கும் பொறுப்பு எவரிங்காம் குடும்பத்துக்கு இருந்த காலத்தில் இந்த ஊருக்குப் பெரிய மவுசு. புனித மைக்கேல் தேவாலயத்தில் அவர்களுடைய சமாதிச் சிலைகள் படுத்திருக்கின்றன. அதில் ஒன்று ஓக் மரத்தில் செதுக்கிய பெண் உருவம். கல்லில் நிறையப் பார்க்கலாம், மரத்தில் இத்தனை நூற்றாண்டு தாங்கியது அபூர்வம்.

பிறகு 17ஆம் நூற்றாண்டு. லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன் மேனரை வாங்கி, 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை வைத்து ஊரை அளக்கச் சொன்னார். அவர் வரைந்த வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் எண், கூடவே யாருடையது, எத்தனை ஏக்கர் என்று தனிப் பதிவேடு. வரைபடத்தின் மேலேயே ஏர் உழுகிறவர்கள், அறுவடை செய்கிறவர்கள், மேயும் மாடுகள், வேட்டைக்காரர்கள் என்று குட்டிக் குட்டிப் படங்கள். எவ்வளவு குத்தகை வசூலாகும் என்று கணக்குப் பார்க்க வரைந்த தாளில் இப்படி ஒரு ஆசை அந்த மனிதருக்கு! 1930களில் ஆக்ஸ்ஃபோர்டின் வேளாண் பொருளாதார அறிஞர் ஓர்வினும் அவர் மனைவியும் இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் லாக்ஸ்டனை ஆராய்ந்தார்கள். வெளியுலகுக்கு ஊர் தெரிய வந்தது பெரும்பாலும் அவர்களால்தான்.

இனி முக்கியமான விஷயம். 1604 முதல் 1914 வரை இங்கிலாந்து நாடாளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்களை நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொது வயலும் மேய்ச்சல் நிலமும் தனித்தனி வேலிக்குள் போயின. அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் மாறிவிட்டன. லாக்ஸ்டன் மாறவில்லை. காரணம் பழமைப் பற்று என்று நினைத்துவிடாதீர்கள். மேனர் பியர்பாண்ட் குடும்பத்திடம், அதாவது பின்னாளில் மேன்வர்ஸ் பிரபுக்களிடம் இருந்தது. ஆனால் ஊரில் இரண்டாவது பெரிய நிலக்காரர் ஸ்கார்பரோ பிரபு. வேலியடைக்க வேண்டும் என்றால் இருவரும் நிலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், செலவைப் பகிர வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. ஊரின் ஓரத்து நிலங்கள் மட்டும் வேலிக்குள் போயின. பிறகு ஸ்கார்பரோ பங்கை மேன்வர்ஸ் குடும்பம் வாங்கிய காலத்தில், வெளிநாட்டுத் தானியம் வந்து குவிந்து விவசாயமே படுத்துவிட்டது. வேலி போடக் காசைக் கொட்ட யாருக்கும் மனசில்லை.

ஆக, இரண்டு பிரபுக்களின் பிடிவாதமும் ஒரு விலை வீழ்ச்சியும் சேர்ந்து காப்பாற்றிய ஊர் இது.

தேன்சிட்டு:
பழைய ஏடு சார், அருமை. அப்படியானால் 1635இல் இருந்த பட்டைகளேதான் இன்றும் இருக்கின்றனவா?

பழைய ஏடு:
இல்லை. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மேன்வர்ஸ் எஸ்டேட் பட்டைகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கியது. குதிரையில் இழுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன, அரை ஏக்கர் பட்டையில் அவற்றைத் திருப்பவே முடியாது. எனவே எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. இடைக்காலத்தை அப்படியே ஃப்ரீசரில் வைத்தது போல என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. ஊர் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை:
நான் கேட்கத் துணிந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். திறந்த வயல் திறமையில்லாத முறை. ஒரு விவசாயி மூன்று வயலுக்கும் அலைய வேண்டும். பக்கத்தில் இருப்பவன் களையெடுக்காவிட்டால் விதை உங்கள் பட்டைக்கு வரும். புதுப் பயிர் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஊரே ஒத்துக்கொள்ள வேண்டும். பொது மேய்ச்சல் என்றால் ஆளாளுக்கு ஆட்டைக் கூட்டி நிலத்தை மொட்டையடிப்பார்கள். 1968இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் இதைத்தான் தெளிவாக எழுதினார். வேலி வந்ததால்தான் விளைச்சல் கூடியது, தொழிற்புரட்சிக்குச் சோறு கிடைத்தது.

நிலவளம்:
ஹார்டினை இங்கே இழுக்காதீர்கள். அவர் கற்பனை செய்தது யாரும் கேட்பாரில்லாத மேய்ச்சல் வெளி. பின்னாளில் அவரே, நிர்வாகம் இல்லாத பொதுச் சொத்தைப் பற்றித்தான் பேசினேன் என்று திருத்திச் சொன்னார். லாக்ஸ்டன் மாதிரி ஊரில் யார் எத்தனை ஆடு விடலாம், எந்தத் தேதியிலிருந்து விடலாம் என்று கோர்ட் கணக்கு வைத்திருந்தது. தவறி நுழைந்த மாட்டைப் பிடித்து அடைக்கக் கொண்டித் தொழு, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். தொழு இன்றும் ஊரில் இருக்கிறது. 2009இல் எலினோர் ஆஸ்ட்ரம் பொருளாதார நோபல் வாங்கியது இந்த மாதிரி ஏற்பாடுகளை உலகம் முழுக்க ஆராய்ந்ததற்குத்தான். எல்லை தெளிவு, ஊராரே கண்காணிப்பு, சின்னத் தண்டனையில் ஆரம்பித்து ஏறுவது. அவர் அடுக்கிய கூறுகளை லாக்ஸ்டன் ஜூரி நாளோடு ஒட்டிப் பாருங்கள்.

அப்புறம் நிலம் சிதறிக் கிடப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. அங்கே மண் கனமான சிவந்த களி. மழை அதிகமானால் பள்ளத்துப் பட்டை அழுகும், மேட்டுப் பட்டை தப்பும். வறட்சியில் நேர் எதிர். எல்லா நிலமும் பள்ளத்தில் வாங்கியவனுக்கு ஒரு வருடம் போதும், குடும்பமே காலி. காப்பீடு இல்லாத காலத்தில் இந்த அலைச்சல்தான் பிரீமியம்.

கணக்கப்பிள்ளை:
காப்பீடு வாதம் சரி, ஏற்கிறேன். ஆனால் இன்று பயிர்க் காப்பீடு, வடிகால் குழாய், மானியம் எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு அலைவதற்கு என்ன காரணம்? யாரோ ஒருவர் கை நஷ்டத்தைத் தாங்குகிறார். அது யார்?

ஷெர்வுட்வாசி:
நல்ல கேள்வி, இந்த இழையிலேயே முக்கியமானதும் இதுதான் என்று நினைக்கிறேன். கொஞ்ச காலம் அரசாங்கம் தாங்கியது.

1952இல் கடைசி மேன்வர்ஸ் பிரபு ஊர் எஸ்டேட்டை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார், வயல் முறை நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு. ஆக மேனருக்குப் பிரபு யார் என்றால் நாட்டின் வேளாண் அமைச்சர்! 1981இல் அமைச்சகம் கைகழுவியது. அரசுச் சொத்தையெல்லாம் விற்றுக்கொண்டிருந்த காலம் அது, தாட்சர் ஆட்சி. ஊருக்குள் பெரிய கலக்கம். கடைசியில், மகுடத்தின் பெயரில் உள்ள நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் வாங்கி, முறையைத் தொடர்வதாக ஒப்புக்கொண்டது. பிறகு அவர்களும் விற்க முடிவெடுத்து, 2020இல் தோர்ஸ்பி செட்டில்மெண்டிடம் கொடுத்தார்கள். தோர்ஸ்பி என்றால் பழைய பியர்பாண்ட் குடும்பத்தின் எஸ்டேட்தான். ஏழு பத்தாண்டுகளுக்குள் நிலம் ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

கோர்ட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், குத்தகையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்த விவசாயிகள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். அவர்களுடைய பண்ணையில் திறந்த வயல் பட்டைகளும் உண்டு, வெளியே வேலி போட்ட சாதாரண நிலமும் உண்டு. பிழைப்பு ஓடுவது இரண்டும் சேர்ந்துதான். ஒரு குத்தகைக்காரர் ஓய்வு பெற்றால் அந்தப் பண்ணையைப் பக்கத்துப் பண்ணையோடு சேர்ப்பதா, புதிய இளம் குடும்பத்துக்குக் கொடுப்பதா என்று நிலச் சொந்தக்காரர் முடிவெடுக்கிறார். சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் மூன்று வயலும் இரண்டு மூன்று பேர் கையில் இருக்கும். அப்போது ஜூரியில் உட்கார ஆள் எங்கே? யார் எல்லையை யார் பார்ப்பது? முறையைச் சட்டத்தால் ஒழிக்க வேண்டாம், ஆட்களைக் குறைத்தாலே போதும். என் கவலை அதுதான்.

பழைய ஏடு:
டெவனில் பிராண்டன் கிரேட் ஃபீல்ட் இருக்கிறதே, அங்கேயும் வேலியில்லாத பட்டைகள் உண்டு. ஆனால் இப்படிக் கூடி நிர்வகிக்கும் கோர்ட் கிடையாது. பட்டைகளும் காலப்போக்கில் இணைந்து இணைந்து குறைந்துவிட்டன. ஷெர்வுட்வாசி சொல்லும் அபாயம் அங்கே கண்ணால் பார்க்கக்கூடியது.

தேன்சிட்டு:
சைக் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்களே! எனக்கு அதுதான் பிடித்த பகுதி. வயலுக்குள்ளே சரிவாகவோ ஈரமாகவோ இருந்து ஏர் ஓட்ட முடியாத இடங்களை உழாமல் புல்லாக விட்டிருக்கிறார்கள். உரமும் களைக்கொல்லியும் அதிகம் படாததால் மற்ற இடங்களில் காணாமல் போன காட்டுப் பூக்கள் அங்கே இருக்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அரசே பாதுகாத்திருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல்லை வைக்கோலுக்காக ஏலம் விடுவார்கள். யாராவது பேராசைப்பட்டு ஒரு சால் உள்ளே தள்ளினால் ஜூரி ஏன் அபராதம் போடுகிறது என்பது அந்தப் பூக்களைப் பார்த்தால் புரியும்.

கணக்கப்பிள்ளை:
ஜூரி அபராதம் போடுவது பூவுக்காக இல்லை அம்மா, வைக்கோலுக்காக.

தேன்சிட்டு:
எதற்காகப் போட்டாலும் பூ பிழைத்ததே!

புதுவரவு:
வணக்கம், முதல் பதிவு. இவ்வளவு வயல் பேச்சு, ஊர் ஜனங்களைப் பற்றி ஒன்றும் காணோம். அங்கே வாழ்கிறவர்கள் எல்லோரும் விவசாயிகளா? வீடுகள் எப்படி?

ஷெர்வுட்வாசி:
இல்லை, பலர் வெளியே வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் ஊரின் அமைப்பே விவசாயத்தால் வந்தது. வேலியடைத்த ஊர்களில் பண்ணை வீடுகள் அவரவர் நிலத்துக்கு நடுவே போய்விட்டன. இங்கே நிலம் மூன்று பக்கமும் சிதறியிருப்பதால் எந்தப் பக்கம் வீட்டை நகர்த்துவது? அதனால் பண்ணை வீடு, தானியக் கொட்டகை, மாட்டுத் தொழுவம் எல்லாம் ஊர்த் தெருவிலேயே. பழைய வீடுகள் பல தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கச் சுவரைக் காட்டி நிற்கும், பின்னால் நீளமாகத் தோட்ட நிலம். காலையில் தெருவில் டிராக்டர் போனால் யார் எந்த வயலுக்குப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ரகசியம் காக்க ஏற்ற ஊர் இல்லை.

இன்னொன்று, பலருக்கும் தெரியாது. நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை நினைவுகூரும் இங்கிலாந்தின் தேசிய ஹோலோகாஸ்ட் மையமும் அருங்காட்சியகமும் லண்டனில் இல்லை, இந்த லாக்ஸ்டனில்தான் இருக்கிறது. ஸ்டீஃபன், ஜேம்ஸ் ஸ்மித் என்ற சகோதரர்கள் 1991இல் ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் குடும்ப இடத்திலேயே 1995இல் திறந்தார்கள். அவர்கள் யூதர்கள் அல்ல, கிறிஸ்தவக் குடும்பம். அங்கே ரோஜாத் தோட்டம் இருக்கிறது, ஒவ்வொரு செடியும் ஒருவர் நினைவாக வைத்தது. போருக்குச் சற்று முன் நாஜிக் கொடுமையிலிருந்து தப்பிக் குழந்தைகளாக ரயிலில் இங்கிலாந்து வந்தவர்களின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தனிப் பகுதி உண்டு. பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் அந்தச் சின்னத் தெரு வழியாக வருவார்கள்.

புதுவரவு:
இதை எதிர்பார்க்கவில்லை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா? கோர்ட்டை வெளியாள் பார்க்கலாமா? எப்போது போவது நல்லது?

ஷெர்வுட்வாசி:
மையத்துக்கே அரை நாள் வேண்டும், அதுவும் அதற்குப் பிறகு உடனே வயலைச் சுற்ற மனசு வராது. முடிந்தால் தனித்தனி நாள் வையுங்கள்.

வயலுக்குப் போவதென்றால் ஜூன். சைக்கில் பூ இருக்கும், பயிர் நிறங்களால் பட்டைகள் பிரிந்து தெரியும். டவ்கோட் இன் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கக் காட்சி இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டு நடந்தால் எது எந்த வயல் என்று புரியும். பொது நடைபாதைகளில் மட்டும் நடங்கள். மில் ஃபீல்டில் காற்றாலை நின்ற மேட்டைப் பாருங்கள், வயலுக்குப் பெயர் வந்தது அதனால்தான். கோட்டை மேட்டையும் விடாதீர்கள்.

கோர்ட் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும். அது ஊர்க்காரர்களின் வேலை நாள், கண்காட்சி அல்ல. வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் இருந்தால் நல்லது.

மண்வெட்டி:
ஜூரி நாளில் டிரெய்லரில் ஏற்றிக்கொள்வார்களா என்றும் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே. முளை அடிக்கிற வேலை என்றால் சம்மட்டியோடு வருகிறேன்.